48 மணி நேரத்தில் ஆராய்ச்சியாளர் ஆவது எப்படி?

பி.காம். மூன்றாம் வருடம் வந்துவிட்டால் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வகை விளம்பரங்கள் தவறாமல் வரும். ஒன்று வங்கித் தேர்வு கோச்சிங். இன்னொன்று இது: "உங்கள் ப்ராஜெக்டை சர்வதேச ஜர்னலில் வெளியிடுங்கள்! பியர் ரிவ்யூடு! ஐ.எஸ்.எஸ்.என். உண்டு! இம்பாக்ட் ஃபேக்டர் 7-க்கு மேல்! 48 மணி நேரத்தில் ஏற்பு! சான்றிதழ் இலவசம்!" கீழே ஜிபே நம்பர். சான்றிதழ் இலவசம், மற்றதுக்கு ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். நான்கு பேர் சேர்ந்து எழுதினால் தலைக்கு இவ்வளவு என்று தனி ரேட் வேறு. ஷேர் ஆட்டோ மாதிரி.

இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். இந்த வருடம் சிரிக்க முடியவில்லை. காரணம், நம்மில் பலருக்கு ப்ராஜெக்ட் மதிப்பெண்ணோடு "பப்ளிகேஷன் இருந்தால் நல்லது" என்ற வால் ஒட்டிக்கொண்டு வருகிறது. சில கல்லூரிகளில் அது "நல்லது" இல்லை, கட்டாயம். நண்பர்கள் சிலர் பணம் கட்டத் தயாராகிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் காமர்ஸ் படிக்கிற நாம், நமக்கு விற்கப்படும் சரக்கு என்ன என்றாவது தெரிந்துகொண்டு வாங்க வேண்டாமா? அந்தப் பணத்துக்கு நாலு பேர் பிரியாணி சாப்பிடலாம், அதில் லெக் பீஸாவது நிஜமாக இருக்கும் என்பது என் கட்சி.

முதலில் நிஜமான பியர் ரிவ்யூ என்றால் என்ன? நீங்கள் ஒரு கட்டுரை எழுதி ஜர்னலுக்கு அனுப்புகிறீர்கள். ஆசிரியர் படிக்கிறார். பெரும்பாலான கட்டுரைகளுக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும். "எங்கள் இதழுக்குப் பொருந்தாது" என்று திருப்பி அனுப்பிவிடுவார். தப்பிப் பிழைத்தால் அதே துறையில் வேலை செய்யும் இரண்டு மூன்று பேருக்குப் போகும். அவர்கள் யார் என்று பொதுவாக உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். பெரும்பாலும் அவர்களுக்குச் சம்பளமும் கிடையாது. "மூன்றாவது அட்டவணை தப்பு", "இந்த முடிவு உங்கள் டேட்டாவிலிருந்து வரவில்லை", "இதையே முன்பு ஒருவர் சொல்லிவிட்டாரே, பார்த்தீர்களா" என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். திருத்தி அனுப்ப வேண்டும். மறுபடி கேள்வி வரும். மறுபடி திருத்த வேண்டும். மாதக்கணக்கில் இழுக்கும். பொருளாதாரத் துறையில் வருடக்கணக்கிலும் இழுக்கும். இத்தனைக்கும் பிறகு "முடியாது" என்றும் வரலாம்.

48 மணி நேரத்தில் இதில் எதுவும் நடக்காது. அந்த நேரத்தில் ஒரு மதிப்பீட்டாளர் மெயிலைத் திறந்து பார்ப்பதே பெரிய விஷயம்.

எல்லோருக்கும் ஒரு கதை சொல்ல ஆசை. நம் சிலபஸோடு சம்பந்தப்பட்ட கதை. ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர், பெர்க்லியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார் சந்தையைப் பற்றியது. காரில் என்ன கோளாறு என்று விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. ஆகவே வாங்குபவர் நல்ல காருக்கும் சேர்த்து சராசரி விலையைத்தான் கொடுப்பார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல கார் வைத்திருப்பவர் சந்தையை விட்டே போய்விடுவார். மிச்சம் நிற்பவை எல்லாம் ஓட்டைக் கார்கள். அமெரிக்காவில் அந்த மாதிரி வண்டியை 'லெமன்' என்பார்கள். கட்டுரையின் பெயரும் 'தி மார்க்கெட் ஃபார் லெமன்ஸ்'.

1967 ஜூனில் இதை அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவுக்கு அனுப்பிவிட்டு அவர் இந்தியாவுக்கு வந்தார். அந்தக் கல்வி ஆண்டு முழுக்க இங்கேதான் இருந்தார். நிராகரிப்புக் கடிதமும் அவரைத் தேடி இங்கேயே வந்து சேர்ந்தது. இவ்வளவு அற்பமான விஷயங்களை நாங்கள் போடுவதில்லை என்பது காரணம். ரிவ்யூ ஆஃப் எகனாமிக் ஸ்டடீஸுக்கு அனுப்பினார். அங்கேயும் அற்பம் என்றார்கள். மூன்றாவதாக ஜர்னல் ஆஃப் பொலிடிகல் எகானமி. இவர்கள் சொன்னது நேர் எதிர்: கட்டுரை தப்பு! சந்தையில் முட்டையைத் தரம் பிரித்து விற்கத்தானே செய்கிறார்கள், இவர் சொல்வது உண்மையானால் எந்தப் பொருளுமே விற்க முடியாதே, பொருளாதாரமே வேறு மாதிரி ஆகிவிடுமே என்றார்கள். (ஆமாம் சார், அதைத்தான் அவரும் சொன்னார்.) நான்காவதாக குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ் ஏற்றுக்கொண்டது. 1970-இல் வெளியானது. மொத்தம் 13 பக்கம். 2001-இல் நோபல் பரிசு.

இந்தக் கதையை வழக்கமாக "விடாமுயற்சி விஸ்வரூப வெற்றி" என்று முடிப்பார்கள். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. எனக்குப் பிடித்தது இரண்டு விஷயம். ஒன்று, நிராகரித்த மூன்று இடத்திலும் யாரோ ஒருவர் படித்திருக்கிறார். தப்பாகப் புரிந்துகொண்டார்கள், முட்டையை உதாரணம் காட்டினார்கள், ஆனால் படித்தார்கள். "முடியாது" என்று சொல்ல அவர்களிடம் ஒரு காரணம் இருந்தது. இரண்டாவது விஷயம் இன்னும் சுவாரசியம்: இன்றைய ஜர்னல் சந்தையே அந்தக் கட்டுரையில் வருகிற பழைய கார் சந்தை மாதிரிதான் இருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் எல்லா ஜர்னலும் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப்' என்று பெயர், ஒரு ஐ.எஸ்.எஸ்.என்., ஒரு ஆசிரியர் குழு, ஒரு பிடிஎஃப். எது நல்ல வண்டி, எது ஓட்டை என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பழைய கார் சந்தையில் வாங்குபவர் ஏமாறுகிறார். இங்கே வாங்குபவருக்குப் பெரும்பாலும் எல்லாம் தெரியும். தெரிந்தேதான் ஓட்டைக் காரை வாங்குகிறார். ஏனென்றால் அவருக்கு வண்டி ஓட்ட வேண்டியதில்லை. ஆர்.சி. புக் இருந்தால் போதும்.

இதை யோசிக்க நம் ஆடிட்டிங் பேப்பர் உதவும். யார் காசு கொடுக்கிறார், யார் வேலை செய்கிறார், யார் அந்த வேலையை நம்பி முடிவெடுக்கிறார்? இந்த மூவரும் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். கிரெடிட் ரேட்டிங் கம்பெனிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-களுக்கு முன் ரேட்டிங் வேண்டும் என்கிற முதலீட்டாளர் காசு கொடுத்து வாங்கினார். பிறகு கடன் பத்திரம் வெளியிடுகிற கம்பெனியே காசு கொடுக்கும் முறை வந்தது. மதிப்பெண் போடுபவருக்கு மாணவனே சம்பளம் கொடுக்கிற ஏற்பாடு. 2008-இல் அமெரிக்காவில் உச்சபட்ச ரேட்டிங் வாங்கிய வீட்டுக்கடன் பத்திரங்கள் என்ன ஆயின என்று நாம் படித்திருக்கிறோம். நம் ஊரில் ஐ.எல்.அண்ட் எஃப்.எஸ்., 2018 ஜூலை வரை 'ஏஏஏ'. அதே வருடம் செப்டம்பரில் கடனைக் கட்ட முடியாமல் நின்றது.

ஜர்னலிலும் இதே மாற்றம் நடந்தது. பழைய முறையில் நூலகம் சந்தா கட்டும். அதாவது படிக்கிறவர் பக்கத்திலிருந்து காசு வரும். சந்தா விலை ஏறிக்கொண்டே போக, ஏழை நாட்டுக்காரர்கள் படிக்க முடியாமல் நிற்க, "எல்லோரும் இலவசமாகப் படிக்கட்டும், செலவை எழுதுபவர் பக்கத்திலிருந்து வாங்கிக்கொள்வோம்" என்று ஓப்பன் ஆக்சஸ் வந்தது. நல்ல எண்ணம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் கட்டுரையை ஏற்றால் மட்டும் காசு, நிராகரித்தால் பூஜ்யம் என்று ஆகிவிட்டால், "முடியாது" என்று சொல்வதற்கு யாருக்கு மனம் வரும்?

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். பொருளாதாரம், ஃபைனான்ஸ் துறைகளில் பெயர் பெற்ற ஜர்னல்கள் பலவற்றில் கட்டுரையை அனுப்பும்போதே கட்டணம் உண்டு. அக்கர்லாஃபை முதலில் விரட்டிய அதே அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூவிலும் உண்டு. அவர்களும் காசு வாங்குகிறார்கள், இவர்களும் காசு வாங்குகிறார்கள், என்ன வித்தியாசம் என்று ஒரு நண்பன் கேட்டான். சி.ஏ. தேர்வுக்குக் கட்டணம் கட்டுகிறோம் அல்லவா? பாஸானாலும் ஃபெயிலானாலும் அந்தக் காசு போனது போனதுதான். அதனால் நம்மைப் பாஸ் போடுவதில் இன்ஸ்டிடியூட்டுக்குத் தனி லாபம் ஒன்றும் இல்லை. "தேர்வு இலவசம், பாஸானவர்கள் மட்டும் பணம் கட்டினால் போதும்" என்று நாளைக்கே அறிவித்தால் பாஸ் சதவீதம் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மச்சி, நாம் எல்லோருமே ஆடிட்டர்தான் :-)

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் ஒரு போலிக் கட்டுரை தயாரித்தார். பாறைப்பாசி மாதிரியான ஒன்றிலிருந்து எடுத்த மூலக்கூறு புற்றுநோய் செல்களைத் தடுக்கிறது என்று கதை. வேதியியல் தெரிந்த யாரும் சில நிமிடங்களில் பிடித்துவிடக்கூடிய தவறுகளை வேண்டுமென்றே உள்ளே வைத்தார். எழுதியவர் பெயரும் கற்பனை, கல்லூரியும் கற்பனை. 304 ஓப்பன் ஆக்சஸ் ஜர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன. 98 மட்டுமே நிராகரித்தன. 2013 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானது. வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த 304-இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்து நடப்பவை. இந்த விஷயத்தில் நமக்கு முதலிடம்.

இன்னொன்று இதைவிட மோசம். வேண்டாத மாநாட்டு அழைப்பு மெயில்களின் தொல்லை தாங்காமல் இரண்டு கணினி விஞ்ஞானிகள் 2005-இல் ஒரு 'கட்டுரை' எழுதி வைத்திருந்தார்கள். 'உங்க (இங்கே ஒரு கெட்ட வார்த்தை) மெயிலிங் லிஸ்டிலிருந்து என்னைத் தூக்குங்கடா' என்ற ஒரே வாக்கியம், பத்துப் பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப. அதையே ஒரு ஃப்ளோ சார்ட்டாகவும் வரைந்திருந்தார்கள். 2014-இல் ஆஸ்திரேலியாவில் ஒருவர் தனக்கு மெயில் அனுப்பிய ஒரு ஜர்னலுக்குக் கடுப்பில் இதைப் பதிலாக அனுப்பினார். மதிப்பீட்டாளர் 'எக்ஸலண்ட்' போட்டு ஏற்றுக்கொண்டார். 150 டாலர் கட்டினால் வெளியிடுவோம் என்றார்கள். லிஸ்டிலிருந்து மட்டும் தூக்கவில்லையாம்.

ஆசிரியர் குழு லட்சணமும் இதுதான். போலந்து ஆய்வாளர்கள் அன்னா ஓ. ஷூஸ்ட் என்று இல்லாத ஒரு பெண்ணை உருவாக்கி, 360 ஜர்னல்களுக்கு "நான் ஆசிரியராகச் சேர விரும்புகிறேன்" என்று விண்ணப்பித்தார்கள். 'ஓஷூஸ்ட்' என்றால் போலிஷ் மொழியில் மோசடிக்காரர். 48 ஜர்னல்கள் அந்த அம்மாவைச் சேர்த்துக்கொண்டன. 2017-இல் 'நேச்சர்' இதழில் இந்த விவரம் வந்தது.

சரி, இவ்வளவு கேலிக்கூத்தும் எப்படி ஓடுகிறது? யாரோ வாங்குவதால்தானே? இங்கேதான் ஜர்னல்காரர்களை மட்டும் திட்டுவது நியாயம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. டிமாண்ட் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 2009 விதிகளில் யு.ஜி.சி., பி.எச்.டி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்றது. 2010-இல் ஆசிரியர்களுக்கு ஏ.பி.ஐ. என்ற புள்ளி முறை. கட்டுரைக்கு இத்தனை புள்ளி, புள்ளி சேர்ந்தால் பதவி உயர்வு. நாள் முழுக்க வகுப்பெடுத்துவிட்டு, விடைத்தாள் திருத்திவிட்டு, அட்மிஷன் வேலையும் பார்க்கிற ஒரு ஆசிரியரிடம் நேரமும் கொடுக்காமல், டேட்டாபேஸும் கொடுக்காமல், "ஆராய்ச்சி எங்கே?" என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? கடையில் வாங்குவார். இது ஒழுக்கக்கேடா என்றால், ஆம். ஆனால் அதைவிட முக்கியமாக, எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒன்று.

பிறகு தரம் பார்க்கப் பட்டியல் போட்டார்கள். 2017 ஜனவரியில் 'யு.ஜி.சி. அங்கீகரித்த ஜர்னல்கள்' என்று முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு ஒரு பட்டியல். பல்கலைக்கழகங்கள் பரிந்துரைத்த பெயர்களும் அதில் இருந்தன. புனே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படிப் பரிந்துரைக்கப்பட்டவற்றில் ஆயிரத்துச் சொச்சம் ஜர்னல்களை ஆராய்ந்து, 88 சதவீதம் தேறாது என்று 2018-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். அதே வருடம் மே மாதம் யு.ஜி.சி. 4,305 ஜர்னல்களைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2019-இல் 'கேர்' பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, இனிமேல் கல்வி நிறுவனங்களே தரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார்கள். பி.எச்.டி.க்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியையும் 2022 நவம்பரிலேயே எடுத்துவிட்டார்கள்.

இந்தக் கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள். முனைவர் பட்டத்துக்கே யு.ஜி.சி. கட்டாயம் இல்லை என்று சொன்ன ஒரு விஷயத்தை, பி.காம். படிக்கிற நம்மிடம் கேட்கிறார்கள்! பதவி உயர்வுக் கோப்பில் எண்ணிக்கை வேண்டும், தர மதிப்பீட்டுக்கு எண்ணிக்கை வேண்டும், என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு எண்ணிக்கை வேண்டும். மேலிருந்து கீழே இறங்கி இறங்கி, கடைசியில் மூன்றாம் வருட மாணவன் ஜிபே போடுவதில் வந்து நிற்கிறது. (கட்டுரையில் முதல் பெயர் யாருடையது, காசு யாருடையது என்று கேட்காதீர்கள். எனக்கு இன்னும் ஒரு செமஸ்டர் பாக்கி இருக்கிறது.)

நம் ப்ராஜெக்டுகளைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். 'எ ஸ்டடி ஆன் கஸ்டமர் சாட்டிஸ்ஃபேக்‌ஷன் டுவேர்ட்ஸ்...' என்று ஆரம்பித்து 'வித் ஸ்பெஷல் ரெஃபரன்ஸ் டு கோயம்புத்தூர் சிட்டி' என்று முடியும். நடுவில் பற்பசை, பைக், மொபைல், எது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். சாம்பிள் 120. அந்த 120 பேரும் நம் ஹாஸ்டல், நம் சொந்தக்காரர்கள். அதற்கு 'கன்வீனியன்ஸ் சாம்ப்ளிங்' என்று அழகான பெயர் இருக்கிறது. யாருக்கு கன்வீனியன்ஸ் என்று சொல்ல வேண்டியதில்லை. சதவீதக் கணக்கு, ஒரு கை-ஸ்கொயர், 'கம்பெனி விலையைக் குறைக்கலாம்' என்று ஒரு பரிந்துரை. இதைக் கேவலம் என்று நான் சொல்லவில்லை. கேள்வித்தாள் தயாரிக்கவும், ஆளைத் தேடிப் போய்ப் பேசவும், அட்டவணை போடவும் கற்றுக்கொள்ளத்தான் ப்ராஜெக்ட். நீச்சல் பழகுகிறவன் கிணற்றில் குதிப்பது மாதிரி. ஆனால் கிணற்றில் குதித்ததற்கு ஒலிம்பிக் சான்றிதழ் வாங்கி பயோடேட்டாவில் போட்டுக்கொள்வதுதான் எனக்கு உறுத்துகிறது.

அதில் ஆபத்தும் இருக்கிறது. இன்று ஒரு வரி கூடுதலாகத் தெரிகிற அந்தப் பெயர், நாளைக்கு நிஜமாகவே ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்குப் பாரமாகலாம். அந்த ஜர்னல் நான்கு வருடத்தில் இணையதளத்தை மூடிவிட்டுப் போகலாம். போகாமல் கூகிளில் நம் பெயரோடு ஒட்டிக்கொண்டும் இருக்கலாம். இன்டர்வியூவில் விஷயம் தெரிந்த ஒருவர் அதைப் பார்த்தால், கீழே இருக்கிற நிஜமான வரிகளையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார். அக்கர்லாஃப் சொன்ன அதே விஷயம்தான்: ஓட்டை வண்டி நிறைந்த சந்தையில் நல்ல வண்டிக்கும் விலை கிடைக்காது. நம் வகுப்பிலேயே ஒருவர் உண்மையாக உழைத்து ஒரு நல்ல கட்டுரை வெளியிட்டாலும், "ஓ, நீயும் காசு கட்டினாயா?" என்றுதானே கேட்போம்? அதைத்தான் நான் நஷ்டம் என்கிறேன்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பெரிய ஜர்னல்களுக்குக் கொடி பிடிக்கிறேன் என்று நினைப்பீர்கள். பெரிய கம்பெனிகளும் உத்தமர்கள் இல்லை. எழுதுபவருக்குச் சம்பளம் இல்லை, மதிப்பிடுபவருக்குச் சம்பளம் இல்லை, ஆனால் எல்செவியரின் செயல்பாட்டு லாப விகிதம் 35 சதவீதத்துக்கு மேல். காஸ்ட் அக்கவுண்டிங் சார் இதைக் கேட்டால் மயக்கம் போட்டுவிடுவார். பெரிய நிறுவனமான வைலி, ஹிந்தாவி என்ற ஓப்பன் ஆக்சஸ் கம்பெனியை 2021-இல் வாங்கியது. கட்டுரை தயாரித்து விற்கும் 'பேப்பர் மில்'கள் அதன் சிறப்பிதழ்களுக்குள் புகுந்து விளையாடியிருந்தது பிறகு தெரிந்து, 2023-இல் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. அந்தப் பெயரையே கைவிட்டார்கள். பொஹானனின் போலிக் கட்டுரையை ஏற்றவற்றிலும் பெரிய கம்பெனிகளின் ஜர்னல்கள் இருந்தன. அதே சமயம், எழுதுபவரிடம் கட்டணம் வாங்கும் பி.எல்.ஓ.எஸ். ஒன் அதை ஒழுங்காகப் படித்து நிராகரித்தது. கட்டணம் கட்ட முடியாதவர்களுக்குச் சலுகை கொடுக்கும் ஜர்னல் அது. யார் கட்டுகிறார், யார் கட்டவில்லை என்பதைக் கட்டுரையைப் பற்றி முடிவெடுக்கும் ஆசிரியரிடம் சொல்வதில்லை. ஆக, காசு வாங்குவதே குற்றம் இல்லை. காசு வாங்குகிற கையும் முடிவெடுக்கிற கையும் ஒன்றாக இருக்கக் கூடாது. இன்டர்னல் கன்ட்ரோல், முதல் பாடம்.

பியர் ரிவ்யூ என்பதும் ஆதியிலிருந்து வருகிற வேதம் இல்லை. 'நேச்சர்' இதழிலேயே எல்லாக் கட்டுரைக்கும் வெளி மதிப்பீடு என்ற முறை 1973-இல்தான் வந்தது. ஐன்ஸ்டீனுக்கே இது பிடிக்கவில்லை. 1936-இல் ஈர்ப்பு அலைகளே கிடையாது என்று ஒரு கட்டுரையை ரோசனோடு சேர்ந்து எழுதி 'பிசிக்கல் ரிவ்யூ'வுக்கு அனுப்பினார். ஆசிரியர் அதை ஒரு மதிப்பீட்டாளருக்கு அனுப்ப, பத்துப் பக்கம் குறிப்பு வந்தது. அச்சிடும் முன் வேறு ஆளிடம் காட்ட உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று ஐன்ஸ்டீன் கோபமாகக் கடிதம் எழுதிவிட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால் அந்த மதிப்பீட்டாளர், ராபர்ட்சன், அதே பிரின்ஸ்டனில் இருந்தவர். தான்தான் அது என்று காட்டிக்கொள்ளாமல் ஐன்ஸ்டீனின் உதவியாளரிடம் தவறை விளக்கினார். 1937-இல் கட்டுரை வேறு இதழில் வந்தபோது முடிவு தலைகீழாக மாறியிருந்தது: ஈர்ப்பு அலைகள் உண்டு. ஐன்ஸ்டீனையே ஒருவர் படித்து, தப்பைச் சொல்லி, மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அப்படி ஒரு ஆள் எனக்குக் கிடைத்தால் ஆயிரம் ரூபாய் என்ன, இரண்டாயிரமும் கொடுப்பேன். 48 மணி நேரக் கடையில் கிடைக்காத ஒரே பொருள் அதுதான்.

"எல்லாம் சரி, மார்க் போய்விடுமே, நீ தருவாயா?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கட்டாயம் என்றால் கட்டித்தான் ஆக வேண்டியிருக்கும். அதில் மாணவன் தப்பு குறைவு. ஆனால் "இருந்தால் நல்லது" என்று மட்டும் சொல்லியிருந்தால், தயவுசெய்து விட்டுவிடுங்கள். வேறு வழியில்லாமல் ஒரு ஜர்னலைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், அதன் பழைய இதழ் ஒன்றை எடுத்து இரண்டு கட்டுரையை முழுசாகப் படியுங்கள். ஒரே இதழில் மாட்டு வைத்தியமும் ஜி.எஸ்.டி.யும் அடுத்தடுத்து இருந்தால் எழுந்து வந்துவிடலாம். ஐ.எஸ்.எஸ்.என். என்பது தரச் சான்று இல்லை, ரேஷன் கார்டு நம்பர் மாதிரி ஒரு அடையாள எண். தொடர்ந்து வெளிவரும் எந்த இதழுக்கும் கிடைக்கும். அசல் இம்பாக்ட் ஃபேக்டரைக் கணக்கிடுவது கிளாரிவேட் என்ற ஒரு நிறுவனம்தான். 'குளோபல்', 'யுனிவர்சல்' என்று அடைமொழி வைத்தவை எல்லாம் வேறு கடைச் சரக்கு. ஆசிரியர் குழுவில் இருப்பதாகப் போட்டிருக்கும் ஒரு பேராசிரியருக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். தன் பெயர் அங்கே இருப்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

காசு வாங்காத நல்ல இடங்களும் இருக்கின்றன. 1966 முதல் இந்தப் பெயரில் வரும் எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி எழுதுபவரிடம் கட்டணம் கேட்பதில்லை. நம் சென்னை அடையாறிலேயே எம்.ஐ.டி.எஸ். நிறுவனம் 'ரிவ்யூ ஆஃப் டெவலப்மெண்ட் அண்ட் சேஞ்ச்' என்ற ஆய்விதழை நடத்துகிறது. அதில் எழுத அல்ல, முதலில் படிக்கச் சொல்கிறேன். நல்ல கட்டுரை எப்படி இருக்கும் என்றே தெரியாமல் மூன்று வருடம் முடிக்கிறோம் என்பதுதான் விஷயம். 2024 நவம்பரில் மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. முப்பது பதிப்பகங்களின் 13,000 ஜர்னல்கள் வரை அரசுக் கல்வி நிறுவனங்களில் படிக்கலாம். அரசுக் கல்லூரியில் படிக்கும் நண்பர்கள் நூலகத்தில் போய்க் கேளுங்கள், லாகின் இருக்கிறதா என்று. நம்மைப் போன்ற சுயநிதிக் கல்லூரிக்காரர்கள் அந்த வாசலுக்கு வெளியே. பப்ளிகேஷன் எங்கே என்று கேட்கிற நிர்வாகத்திடம், ஜர்னல் சந்தா எங்கே என்று நாமும் ஒரு தடவை கேட்கலாம். குறைந்தபட்சம் வகுப்புப் பிரதிநிதிகள் கூட்டத்தில்.

இன்னொரு யோசனையும் இருக்கிறது, செலவே இல்லாதது. ப்ராஜெக்டைக் கொடுக்கும் முன் வகுப்பிலேயே ஒருவருடையதை இன்னொருவர் படிப்பது. பெயரை மறைத்துவிட்டு, ரெப் மூலமாக மாற்றிக்கொள்ளலாம். 'சூப்பர் மச்சி' என்று எழுதக் கூடாது. எங்கே இடிக்கிறது என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். என்னுடையது சின்ன மளிகைக் கடைகள் ஜி.எஸ்.டி. காம்போசிஷன் திட்டத்தை ஏன் எடுக்கிறார்கள், ஏன் விடுகிறார்கள் என்பதைப் பற்றியது. 34 கடைதான் முடிந்திருக்கிறது, அதில் ஒன்பது பேர் பாதியில் எழுந்து வியாபாரம் பார்க்கப் போய்விட்டார்கள். மாதக் கடைசிக்குள் முதல் வரைவு தயாராகிவிடும். படித்துத் திட்ட இரண்டு பேர் வேண்டும். புள்ளியியல் தெரிந்தவர் ஒருவர், கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை ஒருவர் என்றால் ரொம்ப நல்லது. சம்பளம் கிடையாது, டீ உண்டு.